கம்பி எட்டாத காடு

மூணாறு வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் கொழுந்து நுழைந்த பிறகு அதை மனிதக் கை தொடுவது குறைவு. வாட்டுத் தொட்டியில் காற்று ஊதுவது மின்விசிறி. நசுக்குவதும், உலர்த்தியின் வழியே நகர்த்துவதும், சலித்துத் தரம் பிரிப்பதும் மோட்டார்கள். அதே தொழிற்சாலையின் சுவருக்கு வெளியே, சரிவில், ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கொழுந்தை எடுப்பது பெண்களின் கை. அதை எடைபோடும் இடம்வரை சுமப்பது அவர்களின் முதுகு. கத்திரி வந்திருக்கிறது, சில தோட்டங்களில் பெட்ரோல் இயந்திரமும் வந்திருக்கிறது. ஆனாலும் காட்டுவேலையின் அடிப்படை மாறவில்லை. இத்தனைக்கும் இந்த மலைக்கு மின்சாரம் புதிதல்ல. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் திட்டம் 1940-ல் பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. குறவன், குறத்தி என்ற இரு பாறைமலைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து நிற்கும் இடுக்கி அணையின் நீரில் சுழலும் மூலமற்றம் மின்நிலையத்தை 1976 பிப்ரவரி 12-ல் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். நிலத்தடியில் 130 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு, மொத்தம் 780 மெகாவாட். மாநிலத்துக்கே விளக்கேற்றும் மாவட்டத்தில் மின்சாரம் தொழிற்சாலைச் சுவரோடு நின்றுவிட்டது. செடிக்குச் செடி கம்பி இழுக்க முடியாது என்பதுதான் காரணம்.

அந்தக் காரணம் இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. மலிவான மின்கலம் மோட்டாரைக் கம்பியிலிருந்து அவிழ்த்துவிடுகிறது. கேமராவும் கணிப்பொறியும் அந்த மோட்டாருக்கு ஓரளவு கண் கொடுக்கின்றன. இவை இரண்டும் சேர்ந்தால் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளின் பொருளாதார வளர்ச்சி எப்படி இருக்கும் என்று உலகெங்கும் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் பெருநகரங்களையும் கார் தொழிற்சாலைகளையும் பற்றியதாகவே இருக்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்பகுதிகளை, அதாவது இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களையும் பாலக்காட்டின் சித்தூர், கஞ்சிக்கோடு பக்கத்தையும் வைத்து யோசித்தால், வேறொரு விடை கிடைக்கிறது. மின்கலமும் இயந்திரமும் தாமாக வளர்ச்சியைக் கொண்டுவருவதில்லை. அவற்றைச் சுற்றி வேலையின் அமைப்பையே மாற்றிக் கட்டும்போதுதான் வளர்ச்சி வருகிறது. மலைத்தோட்டத்தில் முதலில் மாற்ற வேண்டிய அமைப்பு செடிவரிசையோ பாதையோ அல்ல, தொழிலாளியின் வீடு.

முதலில் மின்கலத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். லித்தியம்-அயனி மின்கலத்தை 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத் தொகுப்பின் சராசரி விலை 2010-ல் ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் அது 115 டாலர் அளவுக்கு இறங்கியது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பால் வந்த சரிவல்ல இது. உற்பத்தி பெருகப் பெருக, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவைக் குறைக்கத் தொழிற்சாலைகள் கற்றுக்கொண்டன. கோபால்ட், நிக்கல் போன்ற விலை கூடிய உலோகங்கள் இல்லாமல், இரும்பையும் பாஸ்பேட்டையும் கொண்டு செய்யும் வகை பரவியதும் ஒரு காரணம். அந்த வகை எடைக்கு எடை சற்றுக் குறைவாகச் சேமித்தாலும் எளிதில் தீப்பற்றுவதில்லை; ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கினாலும் தாங்குகிறது.

இந்த விலையை மனித உழைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உழைத்துப் பழகிய உடல் நாள் முழுக்கத் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு அது 0.6 யூனிட். அவ்வளவு ஆற்றலை இன்று நாலைந்து கிலோ எடையுள்ள மின்கலத்தில் அடைக்கலாம். உலக மொத்த விலையில் அதன் மதிப்பு ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மூவாயிரம் முறை ஏற்றிப் பயன்படுத்தினால் ஒரு நாளைக்கு விழும் தேய்மானம் இரண்டு ரூபாய், மின்கட்டணம் அதற்கு மேல் சில ரூபாய். ஆக, மனித உடல் ஒரு நாளில் செலவிடும் தசை ஆற்றலின் சந்தை விலை பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. 2015 செப்டம்பரில் பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாறின் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். கேட்டது 500, கடைசியில் முடிவானது 301. இந்தக் கூலி எதுவும் தசைக்குக் கொடுத்த விலை அல்ல என்பதை மேலே போட்ட கணக்கு சொல்லிவிடுகிறது. எந்த இலை முற்றியது, எது கொழுந்து என்று கணப்பொழுதில் பிரிக்கும் கண்ணுக்கும் விரலுக்கும், வழுக்கும் சரிவில் நிலைதவறாமல் நிற்கும் காலுக்கும் கொடுத்த விலை அது. மின்கலம் மலிவாவதால் மலிவாவது தசை மட்டுமே. கண்ணும் விரலும் மலிவாகவில்லை.

இயந்திரம் எங்கே நுழையும், எங்கே நுழையாது என்பதை இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது. தேயிலைச் செடியின் மேல்மட்டம் ஒரே சீராகக் கவாத்து செய்யப்பட்டது. ஒரு தளத்தை வெட்டிக்கொண்டே போனால் கொழுந்து கிடைக்கும். கூடவே முற்றலும் தண்டும் வரும். ஜப்பானில் கத்திரி நூறாண்டுக்கு முன்பே வந்தது. பிறகு மோட்டாரும், வரிசை மேல் ஓட்டிச்செல்லும் வண்டியும் வந்தன. அதற்கேற்ற நேர்வரிசையாகச் செடிகளை நட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏலக்காயின் கதை முற்றிலும் வேறு. உடும்பஞ்சோலை மலைகளில் நிழல்மரங்களுக்கு அடியில், செடியின் தூரில் தரையோடு படர்ந்த சரங்களில் காய் பிடிக்கிறது. ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், பறிக்கும் பருவத்துக் காயும் இருக்கும், பழமும் இருக்கும். பருவம் வந்ததை மட்டும், பக்கத்துப் பூ உதிராமல், குனிந்து பறிக்க வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். அரையிருட்டு, ஈரம், அட்டை, சாய்வு, இலை மறைப்பு என எல்லாமே இயந்திரக் கண்ணுக்கு எதிராக நிற்கின்றன. மனிதருக்குக் கடினமான கணக்கும் சதுரங்கமும் கணிப்பொறிக்கு எளிது, குழந்தைக்கும் கைவரும் பிடிப்பும் நடையும் அதற்குக் கடினம் என்று ஹான்ஸ் மொராவெக் 1980-களில் சொன்னது ஏலக்காட்டில் இன்றும் செல்லுபடியாகிறது. ஆகவே காய் எடுக்கும் எந்திர மனிதன் நாளைக்கே வந்துவிடுவான் என்ற எதிர்பார்ப்பையும் அச்சத்தையும் ஓரமாக வைத்துவிடலாம். முதலில் வருவது சுற்றுவேலைகளுக்குத்தான். களைவெட்டி, மருந்துத் தெளிப்பான், மூட்டை ஏற்றும் சிறு கம்பிவடம், பறித்த காயைக் கழுவி, உலர்த்தி, நிறம் பார்த்துப் பிரிக்கும் எந்திரம் ஆகியவை அந்த வரிசையில் நிற்கின்றன.

ஏலக்காயைப் பதப்படுத்தும் ஸ்டோரின் உலர்த்தியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், மின்கலம் எதற்கு உதவாது என்பதற்கு அது நல்ல உதாரணம். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ ஆகிறது. நாலு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது இரண்டரை யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். உலையில் வீணாவதையும் சேர்த்தால் அதைவிட மிகக் கூடும். அத்தனையும் இன்றுவரை பெரும்பாலும் விறகிலிருந்து வருகிறது. இவ்வளவு வெப்பத்தை மின்கலத்தில் சேமித்து எரிப்பது புத்திசாலித்தனமல்ல. பகலில் சூரிய மின்சாரம் மிகும் நேரத்தில் வெப்ப ஏற்றியை ஓட்டி உலர்த்துவதும், வெப்பத்தை வெப்பமாகவே கல்லிலோ நீரிலோ தேக்கிவைப்பதும் மலிவு. போக்குவரத்து இதற்கு நேர் எதிர். தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, மாலையில் இறங்குகிறார்கள் ஏலக்காட்டுத் தொழிலாளர்கள். போடிக்கும் போடிமெட்டுக்கும் நடுவே உயர வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆளேற்றிய இரண்டரை டன் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏழு யூனிட்டை ஒட்டிய ஆற்றலை இழக்கிறது. இன்று அது பெரும்பாலும் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாகிக் கொண்டைஊசி வளைவுகளில் கரைகிறது; பிரேக் சூடேறிப் பிடிமானம் இழப்பது மலைப்பாதை விபத்துகளுக்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று. மின்வண்டியில் மோட்டாரே மின்னாக்கியாகத் திரும்பி வண்டியைப் பிடித்து நிறுத்தும். இழப்பில் பாதிக்கு மேல் மின்கலத்துக்குத் திரும்பும். மலைச்சாலை மின்வண்டிக்கு எதிரி என்ற பரவலான எண்ணம் ஏற்றத்தை மட்டும் பார்க்கிறது. தினமும் ஏறிய அதே பாதையில் இறங்கும் வண்டிக்கு மலை பாதிக் கடனைத் திருப்பித் தருகிறது.

இப்படிச் சேரும் சின்னச் சின்ன மிச்சங்கள் வளர்ச்சி ஆகுமா என்று கேட்கலாம். இதற்குப் பழைய வரலாறு ஒன்று விடை சொல்கிறது. எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882-ல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1900-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர ஓட்டத்தில் மின்மோட்டாரின் பங்கு நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. பாதியைத் தாண்டியது 1920-களில்தான், உற்பத்தித்திறன் துள்ளி ஏறியதும் அப்போதுதான். பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-ல் இதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் மேற்கோளாகிறது. நீராவி யுகத்துத் தொழிற்சாலையில் ஒரே பெரிய எஞ்சின் கூரையோரமாக ஓடும் நீண்ட தண்டைச் சுழற்றும்; அதிலிருந்து தோல்பட்டைகள் ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும். எந்திரங்கள் எங்கே நிற்க வேண்டும், கட்டடம் எத்தனை மாடி என்பதையெல்லாம் அந்தத் தண்டுதான் முடிவு செய்தது. முதலாளிகள் நீராவி எஞ்சினைக் கழற்றி அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தபோது கிடைத்த மிச்சம் அற்பம். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வைக்கலாம், ஆகவே தண்டே வேண்டாம், ஒரே தளத்தில் வேலை ஓடும் வரிசைப்படி எந்திரங்களை நிறுத்தலாம் என்று ஒரு புதிய தலைமுறை கட்டடத்தையே மாற்றிக் கட்டியபோதுதான் பலன் வந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

மின்கலத்துக்கும் இதே விதிதான். அமைப்பை மாற்றுவது எளிதாக இருக்கும் இடத்தில் பலன் சீக்கிரம் தெரியும். மின்தொகுப்பு அப்படிப்பட்ட இடம். இடுக்கி நீர்த்தேக்கம் உண்மையில் ஒரு மாபெரும் மின்சேமிப்பு. ஏறத்தாழ 660 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 700 லிட்டருக்குள் தண்ணீர் போதும். நிறைந்த நீர்த்தேக்கத்தில் 200 கோடி யூனிட்டுக்கு மேல் அடங்கியிருக்கிறது. ஒப்பிட்டால், கேரளத்துக்கெனக் காசர்கோட்டின் மைலாட்டியில் திட்டமிடப்பட்ட மின்கல நிலையம் 125 மெகாவாட் வீதம் நான்கு மணி நேரம், அதாவது 5 லட்சம் யூனிட். இடுக்கியோடு வைத்தால் அது துளி. ஆனால் அந்தத் துளி தினமும் நிரம்பித் தினமும் காலியாகும். இடுக்கி ஆண்டுக்கு ஒருமுறை மழையில் நிரம்புவது. 2024 மே மாதத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது, அதுவும் இரவில். ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட கூரைச் சூரியத்தகடுகள் பகலில் பெருக்குகிற மின்சாரம் அந்த நேரத்துக்கு உதவுவதில்லை. இரவு உச்சத்துக்காக வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்குவார்கள், அல்லது இடுக்கியைத் திறப்பார்கள். பகல் மிகுதியை மின்கலத்தில் வைத்து இரவில் கொடுத்தால் இடுக்கியின் தண்ணீரைக் கோடைக்கும், மழை பொய்த்த ஆண்டுக்கும் காத்துவைக்கலாம். அணை பருவத்தைச் சமாளிக்கட்டும், மின்கலம் நாளைச் சமாளிக்கட்டும் என்று பணியைப் பிரித்துக்கொள்வதில்தான் ஆதாயம். பாலக்காட்டு எல்லையை ஒட்டி ஆனைமலையில் தமிழ்நாட்டின் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980-களின் இறுதியிலிருந்தே மிகுதி மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி இதே வேலையைச் செய்துவருகிறது. ராமக்கல்மேட்டிலும் கஞ்சிக்கோட்டிலும் அகளியிலும் சுழலும் காற்றாலைகளுக்கும் இப்படிப்பட்ட துணை வேண்டும், ஏனெனில் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டு மற்ற மாதங்களில் கையை இறுக்குகிறது. இந்த மாற்றங்களைப் பொறியாளர்களும் ஒழுங்குமுறை ஆணையமும் உட்கார்ந்து முடிவு செய்துவிட முடியும்.

தோட்டம் அப்படியல்ல. நீராவித் தொழிற்சாலையைத் தண்டு வடிவமைத்தது என்றால், மலைத்தோட்டத்தை வடிவமைத்தது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின் இங்கே தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஏராளமான கைகள், மலிவான கூலி, காலையில் கூப்பிட்டவுடன் வந்து நிற்கும் தூரத்தில் வரிசை வீடு என்ற மூன்றின் மேல்தான் செடிகளின் இடைவெளியும் பாதையும் வேலைநேரமும் கணக்குப்பிள்ளையின் பதிவேடும் அமைந்தன. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. அந்த நாளில் அது பெரிய பாதுகாப்பு. ஆனால் அதனாலேயே வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தாக வேண்டும். நான்கைந்து தலைமுறை உழைத்த குடும்பத்துக்கும் அந்த மலையில் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. லயம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் குடியிருப்பவர் தீர்மானிப்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் உயிரிழந்தார்கள்.

இந்த அமைப்புக்குள் மின்கல அறுவடை எந்திரத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தால் என்ன நடக்கும்? ஐந்து பேர் வேலையை ஒருவர் செய்வார். மற்ற நால்வர் இழப்பது கூலியை மட்டுமல்ல, கூரையையும். ஆகவே அவர்கள் எதிர்ப்பார்கள், எதிர்க்க முழு நியாயம் இருக்கிறது. கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதம் தேயிலை எந்திரங்கள் கொளுத்தப்பட்டதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்புக்குப் பயந்து நிர்வாகம் அரைமனதோடு எந்திரத்தைப் பயன்படுத்தும்; பழைய செடிவரிசை, பழைய பாதை, பழைய ஆட்கணக்கு அப்படியே இருக்கும்; மிச்சம் அற்பமாகவே வரும். நீராவி எஞ்சினின் இடத்தில் மோட்டாரை வைத்த கதைதான். மாறாக, வீட்டுமனை தொழிலாளியின் பெயரில், பாதுகாப்பான இடத்தில் இருந்தால் பேரமே மாறிவிடும். வேலை போனாலும் வீடு போகாது என்ற நிலையில், எந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டு கூடுதல் கூலி கேட்கலாம், அரைநாள் தோட்டத்திலும் அரைநாள் வேறு தொழிலிலும் இருக்கலாம், மகளை வெளியூர் அனுப்பிப் படிக்கவைத்துவிட்டுத் தான் ஊரில் இருக்கலாம். தொழிலாளி நகர முடிந்தால்தான் எந்திரமும் நகர முடியும். இலங்கை மலையகத்தில் லயன் அறைகளுக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் அதன் உரிமைப்பத்திரமும் தனிவீடும் என்ற கோரிக்கை அரசுக் கொள்கையாகி, இந்திய உதவியோடு வீடுகள் எழுந்தன. அங்கே வேலை இன்னும் அரைகுறைதான், ஆனாலும் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்த மலைகளில் உண்மையான பிரச்சினை ஆள் மிகுதி அல்ல, ஆள் பற்றாக்குறை. படித்த பிள்ளைகள் கொழுந்தெடுக்க வருவதில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்களை அழைத்துவருகிறார்கள். ஆகவே எந்திரம் யாருடைய வேலையையும் பறிக்காது என்பார்கள். இதில் பாதி சரி. ஆள் கிடைக்காத இடத்தில் எந்திரம் வருவது நல்லதே, அது வராவிட்டால் தோட்டமே மூடப்படும். பீர்மேட்டில் 2000-த்தை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது மூடப்பட்ட தோட்டங்களின் லயங்களில் மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஆனால் பற்றாக்குறை என்பது அந்தக் கூலிக்கும் அந்த வீட்டுக்கும் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். வெளிமாநிலத் தொழிலாளியை அதே லயத்தில் குடிவைத்து அதே கூலியைக் கொடுத்தால் பழைய அமைப்பின் ஆயுள் நீளும். எந்திரத்துக்கு முதலீடு செய்ய வேண்டிய நெருக்கடியும் தள்ளிப்போகும். மலிவான கை கிடைக்கும்வரை எந்தத் தோட்டமும் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. மற்றொரு மறுப்பு தரத்தைப் பற்றியது: எந்திரம் வெட்டிய கொழுந்தில் முற்றல் கலக்கும், விலை இறங்கும். இன்றைய நிலையில் அது உண்மை, குறிப்பாக உயர்தரத் தேயிலையில். தொழிற்சாலையிலேயே கேமராவைக் கொண்டு முற்றலைப் பிரிப்பதும், சிறந்த செடிகளைக் கைப்பறிப்புக்கே விட்டு அதற்குக் கூடுதல் கூலி கொடுப்பதும் இதற்கு வழிகள். கையால் எடுத்த கொழுந்துக்குத் தனி மதிப்பு இருக்குமானால் அந்த மதிப்பில் எடுத்தவளுக்கும் பங்கு வேண்டும்.

எந்திரத்தின் ஆதாயம் யாருக்கு என்ற கேள்வியைப் பாலக்காட்டுச் சமவெளி நமக்கு முன்பே சந்தித்துவிட்டது. கேரளத்தின் நெற்களஞ்சியத்தில் அறுப்பும் போரடிப்பும் விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்கு ஆண்டின் முக்கிய வருமானமாக இருந்தன. கேரளத்தில் டிராக்டருக்கும் அறுவடை எந்திரத்துக்கும் எதிராகப் போராட்டங்கள் நடந்த காலம் உண்டு. இன்று பருவம் வந்தால் தமிழ்நாட்டிலிருந்து அறுவடை எந்திரங்கள் எல்லை தாண்டி வந்து மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகின்றன. நெல் தப்பியது, விவசாயிக்கு நேரமும் பணமும் மிச்சம். ஆனால் வாடகை எந்திரத்தின் சொந்தக்காரருக்குப் போகிறது, வயலில் இருந்த பெண்களுக்கு மாற்றாக எதுவும் வரவில்லை. சுமைதூக்கும் தொழிலில் கேரளம் கண்ட நோக்குக்கூலி இதே கேள்விக்கு இன்னொரு விதமாகச் சொல்லப்பட்ட விடை: எந்திரம் இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்றவருக்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசு அதைத் தடைசெய்தது, செய்ததும் சரி. அது வீடு கட்டும் சாதாரண மனிதனின் பையில் கைவைத்தது, முதலீட்டை விரட்டியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கேள்வி, என் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன என்பது, தடையால் தீர்ந்துவிடவில்லை. எந்திரமே தொழிலாளிக் குழுவின் சொத்தாக இருப்பது இதைவிடச் சரியான விடை. பெரிய டீசல் அறுவடை எந்திரம் பல லட்ச ரூபாய். அது கூலிக்காரருக்கு எட்டாது. மின்கல எந்திரம் சிறிது, சில கிலோ எடை, புகையில்லை, அதிர்வு குறைவு. பெண்கள் கையாள முடியும், குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் ஒரு குழு வாங்க முடியும். எந்திரம் வந்தால் வேலை ஆணுக்குப் போய்விடும் என்ற நெடுநாள் வழக்கத்தை உடைக்க இது நல்ல வாய்ப்பு. தொழிலாளர் பங்குடைமை மட்டும் போதாது என்பதற்கும் மூணாறே சான்று. 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாகச் சேர்ந்த நிறுவனத்தின் தோட்டங்களில்தான் பத்தாண்டு கழித்து முன்பு சொன்ன தேயிலைத் தொழிலாளிப் பெண்களின் போராட்டம் வெடித்தது. சிறு பங்குப் பத்திரத்தைவிடக் கையிலிருக்கும் கருவியும் காலடியிலிருக்கும் மனையும் பேரத்தில் வலிமை தரும்.

லித்தியமும் மின்கலமும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, முக்கியமாகச் சீனாவிலிருந்து வருகின்றனவே, டீசலை விட்டு இன்னொரு சார்புக்குள் போகிறோமே என்ற கவலையும் நியாயமானது. ஆனால் இரண்டு சார்பும் ஒன்றல்ல. டீசல் எரிந்தால் போயிற்று, நாளைக்கும் வாங்க வேண்டும். மின்கலம் பத்தாண்டு உழைக்கும், முடிந்தபின் உலோகம் மீளக் கிடைக்கும். உப்பிலிருந்து கிடைக்கும் சோடியத்தைக் கொண்டு செய்யும் மின்கலங்களும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. எடை சற்றுக் கூடினாலும் துணைமின் நிலையத்தில் நிற்பதற்கு எடை ஒரு பொருட்டல்ல. பாலக்காடு இங்கே நுகர்வோராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் கருவி, தொலைத்தொடர்புத் துறைப் பொதுத்துறை ஆலைகள் 1970-களிலிருந்தே இயங்கி மின்னணுத் தொழிலாளர் தலைமுறைகளை உருவாக்கின. கொச்சி–பெங்களூரு தொழில்வழித்தடத்தில் பாலக்காட்டுத் தொழில்நகரத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். மின்கலத் தொகுப்புகளைக் கோப்பதும், பழுது நீக்குவதும், பழையதைப் பிரித்து மீட்பதும், சரிவுக்கேற்ற சிறு எந்திரங்களைச் செய்வதும் அங்கே நடக்கலாம். நூறு கிலோமீட்டருக்குள் கோவையின் மோட்டார், பம்பு தொழில் இருக்கிறது. மலைத்தோட்டம் என்ற கடினமான சோதனைக்களமும் அருகிலேயே இருக்கிறது. ஜப்பானின் சமதளத் தோட்டத்துக்குச் செய்த எந்திரம் தேவிகுளத்துச் சரிவில் நிற்காது; தேவிகுளத்துக்குச் செய்தது வால்பாறையிலும் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் விலைபோகும்.

இத்தனையும் நடக்க, இயற்பியலிலோ வேதியியலிலோ இன்னொரு கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து வரும் தோட்டத் தொழில் கூலிப் பேச்சுவார்த்தையின் மேசையில் எந்திரத்துக்கான மானியமும் லயத்துக்கான பட்டாவும் ஒரே கோப்பில் வைக்கப்பட வேண்டும். அரசுப் பணத்தில் அறுவடை எந்திரம் வாங்கும் தோட்டம், அதே ஆண்டில், மண் சரியாத இடத்தில், தொழிலாளியின் பெயரில் மனை எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் எந்திரத்தைத் தடுக்கக் கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்தில் தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் உடும்பஞ்சோலைக்கும் பேசுகிற சட்டமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும்.